போர்டு உக்காருற புதன்

இப்படி இந்த ஓரத்துல உக்காருங்கக்கா. சன்னல் பக்கம் எம்மகளுக்கு. காத்து வரலன்னா அவளுக்குப் பஸ்ஸு ஒத்துக்கிடாது. பைய, பைய. எடது முட்டி வலிக்கோ? படி ஏறும்போதே பாத்தேன், வலது கால முதல்ல வச்சுட்டு எடத இழுத்துக்கிட்டு வந்திய. அதுக்கெல்லாம் ஒண்ணும் கெடைக்காதுக்கா. மிஞ்சிப்போனா பத்து சதவீதம் போடுவாவ. அந்தப் பத்த வச்சுக்கிட்டு நாக்கு வழிக்கவா?

தப்பா எடுத்துக்கிடாதிய. தொழிலு அப்படி. கலெக்டர் ஆபீசுக்கு எதுத்தாப்புல செராக்ஸ் கடை வாசல்ல ஒரு மேசை கெடக்கும், அது நம்ம மேசைதான். எங்க வீட்டுக்காரரு அங்கன உக்காந்து மனு எழுதிக்கிட்டிருந்தாவ. அவுக போனபொறவு நான் எழுதுதேன். இந்த ஆடியோட பத்தொம்பது வருசம். ரைட்டரம்மா எங்கனன்னு கேட்டா அந்த ரோட்டுல யாரும் கையக் காட்டுவாவ. பட்டா, வாரிசு, முதியோரு எல்லாம் எழுதுவேன். ஆனா நம்ம கைராசி ஊனப்பணத்துலதான். மாற்றுத்திறனாளின்னு சொல்லணும்பாவ. காயிதத்துல அப்படித்தான் எழுதுதேன், எழுத்துப் பெசகாம. வாய் என்ன காயிதமா?

ஒரு ஆளு ரோட்டத் தாண்டி மேசைக்கு வாறதுக்குள்ள சொல்லிருவேன், இவனுக்கு இத்தன சதவீதம்னு. நாப்பதுக்கு மேல இருந்தாத்தான் மாசப்பணம், உக்காரும்பேன். கீழ இருந்தா போயி வேலையப் பாரும்பேன். பெரியாஸ்பத்திரியில புதங்கெழம புதங்கெழம டாக்டருமாரு போர்டு உக்காந்து, தட்டிப் பாத்து, மடக்கிப் பாத்து, கேள்வி கேட்டு, ஒரு நம்பரு எழுதுவாவ. நான் சொன்ன நம்பருக்கும் அவுக எழுதுற நம்பருக்கும் ரெண்டு மூணுக்கு மேல வித்தியாசம் வந்ததில்ல. அன்னா அந்தக் கண்டக்டரு இடுப்ப ஒரு பக்கமா சாச்சு நடக்காரு பாத்தியளா? பதினெட்டு. தேறாது.

வேணி, டிக்கெட்ட வாயில வைக்காத.

இவதான் எம்மக. கலைவேணி. இருவத்தேழு முடியுது. கூச்ச சுபாவம். ஆளு இருந்தா பேச மாட்டா. திருச்செந்தூருக்குத்தான் போறோம், சாமி கும்பிட. உங்ககிட்ட மறைக்கதுக்கு என்ன, மாப்பிள்ள வீட்டுக்காரவ கோயிலுக்கு வாறாவ. தற்செயலாப் பாக்க மாதிரி பாத்துக்கிடலாம்னு ஏற்பாடு. வீட்டுல வச்சா அக்கம்பக்கத்துக் கண்ணெல்லாம் நம்ம வாசல்லதான் இருக்கும். கோவில்பட்டி ஆளு. தீப்பெட்டி ஆபீசுல வேல. ரெண்டாந்தாரந்தான், வயசு நாப்பத்தி ரெண்டு. இருக்கட்டும். நாப்பதுக்கு மேல இருந்தாத்தான எல்லாமே பாஸாவுது! இன்னைக்குப் புதன், எனக்கு ஏவாரம் உள்ள நாளு. போனாப் போகுதுன்னு மேசையப் பூட்டிட்டு வந்துட்டேன். பொன்னு கெடச்சாலும் புதன் கெடைக்காதும்பாவல்லா.

ஏவாரம்னா என்ன பெரிய ஏவாரம். வாறதெல்லாம் கூறு கெட்ட ஜென்மங்க. கண்ணு தெரியலன்னு மனு எழுத வந்தவன், எதிர வாற பஸ்ஸு போர்ட வாசிக்கான். காது கேக்காதுன்னு வந்த கெழவன், முதுகுக்குப் பின்னால வடைக்காரன் சத்தங்குடுத்தா திரும்புதான். இதெல்லாம் கூடப் பரவாயில்லக்கா, கள்ளம், கண்டுபிடிச்சிரலாம். நெசமாவே காது கேக்காதவன் ஒருத்தன் போயி, டாக்டரு என்ன கேட்டாலும் பெரியவுக கேக்காவளேன்னு தலைய ஆட்டியிருக்கான். நல்லாக் கேக்குதா? ஆமா. சவம், இப்படி ஒரு மரியாத! இதுக்கு எழுதுனதுக்கு நான் அந்தப் பேனாவ ஆத்துல போட்டிருக்கலாம்.

அதுலயும் ஒருத்தி வந்தா பாருங்க, அவளால எனக்கு இந்த வருசமே நாசமாப் போச்சு.

பேச்சித்தாய்னு பேரு. பீடி சுத்துறவ. புருசன் இல்ல. பெரியாஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு லைன் வீட்டுல இருக்கா. தை மாசம் பொங்கல் கழிஞ்சு வந்தா, மகளக் கூட்டிக்கிட்டு. மக பேரு செம்பகம். அவ ரோட்டத் தாண்டி வாறதப் பாத்தேன். அம்மா முந்தானையப் புடிச்சுக்கிட்டு, வாயத் தொறந்துக்கிட்டு, ஒவ்வொரு வண்டிக்கும் நின்னு நின்னு வாறா. அறுவது, அறுவத்தஞ்சு. சந்தேகமே இல்ல. உக்காருன்னேன்.

பேச்சிக்கு நெஞ்சுக்குள்ள வால்வு போயிட்டு. மதுரைக்குப் போயி ஆபரேசன் செய்யணும்னு எழுதிக் குடுத்துட்டாவ. போனா திரும்புவாளா மாட்டாளான்னு அந்த டாக்டரே உறுதி சொல்லல. மகள யாருகிட்ட விட? அண்ணன் ஒருத்தன் இருக்கான். அவன் பொண்டாட்டி தீத்துச் சொல்லிட்டா, மாசப்பணம் வந்தா ஒரு மூலையில கெடந்துட்டுப் போவட்டும், வரலன்னா என் வாசல்ல ஏத்தாதன்னு. அதான் விசயம். ஆபரேசனுக்கு முன்னால அந்தப் பிள்ளைக்கு ஊன அட்டை வந்தாவணும். அழுதுகிட்டுத்தான் சொன்னா. அழுகைய அங்குட்டு வச்சுட்டு போட்டோ குடுன்னு கேட்டேன். மேசைக்கு வாற எல்லாரும்தான் அழுதாவ, நான் எத்தனன்னு துடைக்கது?

பாரம் எழுதி, போட்டோ ஒட்டி, புதங்கெழம காலையில போர்டுக்குப் போன்னு அனுப்பினேன். எழுதுறதோட எஞ்சோலி முடிஞ்சுது. சாயந்தரம் வாறா ரெண்டு பேரும். அந்தப் பிள்ளையப் பாத்ததும் எனக்கு வாரியல எடுத்து அடிக்கலாமான்னு வந்துட்டுது. அம்மாக்காரியைத்தான், பிள்ளைய இல்ல. பட்டுச்சீல கட்டி, மல்லியப்பூவ முழங்கணக்குல வச்சு, மொகத்துக்குப் பவுடரு போட்டு, கண்ணுக்கு மை எழுதி, கைநெறைய வளையலு. கலியாணத்துக்குப் போற மாதிரி போர்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா!

உள்ள என்ன நடந்துதுன்னு கேட்டேன். அவ சொல்லச் சொல்ல எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல. டாக்டரு ஒரு பெரியவரு. இவ உள்ள போனதும் அந்தப் பிள்ள நேராப் போயி அவரு கால்ல விழுந்திருக்கு. அவரு பதறி எந்திரிக்க, நாக்காலி சரிஞ்சு பின்னால விழுந்திருக்கு. பொறவு பேரு கேட்டிருக்காரு. சொல்லிட்டா. அப்பா பேரு கேட்டிருக்காரு. சொல்லிட்டா. இன்னைக்கு என்ன கெழமன்னு கேட்டிருக்காரு. புதன்னு பட்டுனு சொல்லியிருக்கா. மூணு நாளா உருப்போட வச்சிருக்காக்கா அம்மாக்காரி! நாள எண்ணத் தெரியாத பிள்ளைக்கு, புதன்னு சொல்லு, புதன்னு சொல்லுன்னு கிளிக்குச் சொல்லிக்குடுத்த மாதிரி.

பொறவு அம்மாவப் பாத்துக் கேட்டிருக்காரு. குளிப்பாளா? நல்லாக் குளிப்பா சார். சமைப்பாளா? சோறு கொழம்பு எல்லாம் வைப்பா சார். கடைக்குப் போவாளா? தனியாப் போயி சாமான் வாங்கி மீதிச் சில்லறையும் கொண்டாருவா சார். ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் செய்வா, செய்வா, செய்வா. அவரு முப்பத்தி ரெண்டுன்னு எழுதிட்டாரு. முப்பத்தி ரெண்டு! மனு தள்ளுபடி.

“ஏட்டி கூறு கெட்ட மூதி, டாக்டரு உம்மகளப் பொண்ணு பாக்கவா வந்தாரு?”ன்னு கேட்டேன்.

அவ என்ன சொன்னாங்கிய? “எட்டு வருசமா எம்பிள்ளைக்கு முன்னால நாக்காலி போட்டு உக்காந்து கேள்வி கேட்டவனெல்லாம் பொண்ணு பாக்க வந்தவந்தான் ரைட்டரம்மா. அந்தக் கேள்விய யாரு கேட்டாலும் வாயி தானா இதச் சொல்லிருது”ன்னா.

கேட்டியளா கதைய? எட்டு வருசமா மறைச்சிருக்கா. ஒரு எழவும் அமையல. அமையுமா? வந்தவன் என்ன குருடனா? கண்ணு முன்னால தெரியுதத மறைக்கதுக்கு ஒரு பட்டுச்சீல, ஒரு முழம் பூ. பெத்தவளுக்கே கண்ணு அவிஞ்சு போச்சுன்னா அந்தப் பிள்ளைய யாரு காப்பாத்த? எனக்கு அதுதான் ஆத்திரம். நாலு பேரு கேக்கும்படியா ஏசினேன். தலையக் குனிஞ்சுக்கிட்டே நின்னா.

வேணி, பூவப் பிய்க்காத. இன்னும் கோயிலு வரல. காலையில நாலரைக்கு எந்திரிச்சு நாந்தான் தல பின்னி வச்சுவிட்டேன். அவளுக்கு நேரமில்ல, அதான். இந்தச் சீல நல்லாருக்காக்கா? என் கலியாணச் சீல. பட்டு அப்படியே நிக்கு பாருங்க.

பேச்சி மறுபடி மனு எழுதணும்னு வந்து நின்னா. இந்தத் தடவ நான் பாடம் எடுத்தேன். பழைய பாவாட சட்டையில கூட்டிட்டுப் போ. பூ கூடாது. என்ன கேட்டாலும் தெரியாது, செய்ய மாட்டான்னு சொல்லு. எங்க, இப்பச் சொல்லு பாப்போம்னேன். வாயத் தொறக்கா, மூடுதா. சொல்லேண்டின்னா மகளத் திரும்பிப் பாக்கா. என்னட்டின்னு கேட்டா, கிட்ட வந்து குசுகுசுன்னு சொல்லுதா, “அவ காதுல விழுமே ரைட்டரம்மா.”

எனக்கு வந்துட்டு பாருங்க கோவம். அவளுக்கு என்னட்டி வெளங்கப் போகுதுன்னு கத்தினேன். அந்தப் பிள்ள என்னையப் பாத்துச் சிரிச்சுது.

சித்திரையில போர்டு. மதுரையில ஆபரேசனுக்கு நாள் குறிச்சாச்சு, இடையில ரெண்டே ரெண்டு புதன். இவள நம்பி அனுப்பினா மறுபடியும் செய்வா செய்வான்னு பாடிட்டு வருவா. நானே போனேன். பத்தொம்பது வருசத்துல யாருக்காகவும் நான் அந்தப் படி ஏறினதில்ல. பக்கத்து வீட்டுக்காரின்னு சொல்லி உள்ள போயி நின்னேன். அதே டாக்டரு. தலையத் தானே வாருவாளாம்மான்னு பேச்சியக் கேட்டாரு. இவ தரையப் பாக்கா. குளிக்க வைக்கணுமான்னாரு. இவ தரையப் பாக்கா. கண்ணுல தண்ணி சொட்டுது, வாயத் தொறக்கல. அவரு பேனாவ மூடிட்டு, சரி, அடுத்த ஆளு வாங்கங்காரு.

நான் சொல்ல ஆரம்பிச்சேன். தல வாரத் தெரியாது சார், சீப்பக் குடுத்தா குடுத்த எடத்துலயே அரைமணி நேரம் நிப்பா. ஊக்கக் குடுத்தா வாயில போடுவா. ஜாக்கெட்டு கொக்கி மாட்டத் தெரியாது. சோத்தப் பெசஞ்சு வச்சாத்தான் திம்பா, மொளகாயி கெடந்தா மணிக்கணக்கா அழுவா. குக்கரு விசிலடிச்சா ரெண்டு காதையும் பொத்திக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போயிருவா, வாழப்பழத்தக் காட்டித்தான் வெளிய எடுக்கணும். தெருமுக்குக்கு அனுப்பினா திரும்பி வரத் தெரியாது, ஒரு தடவ ராத்திரி வரைக்கும் தேடி, ரயில்வே கேட்டுக்கிட்ட நிக்கா. மாசத்துக்கு அஞ்சு நாளு நாந்தான் கூடவே இருந்து... அவ அம்மாதான் கூடவே இருந்து பாக்கணும். காய்ச்ச வந்தா எங்க வலிக்குன்னு சொல்லத் தெரியாது. நான் இல்லாட்டா, அதாவது இவ அம்மா இல்லாட்டா, ஒரு வாய் தண்ணி எடுத்துக் குடிக்கத் தெரியாது சார்னேன்.

அந்த ஆளு எழுதுதாரு, எழுதுதாரு, பக்கம் திருப்பி எழுதுதாரு. “பெத்தவங்க கூட இவ்வளவு வெவரமா சொல்ல மாட்டாங்கம்மா”ன்னாரு. அறுவத்தி ரெண்டு. நான் தையிலயே சொன்ன நம்பரு!

வெளிய வந்து படியில உக்காந்தோம். பேச்சி என்னையவே பாத்துக்கிட்டிருந்தா. ஒரு நன்றி சொல்லணுமே, சொல்லல. அதுக்குப் பதிலா கேக்கா, “ரைட்டரம்மா, செம்பகம் தலைய அவளே வாரிக்கிடுவா. கொக்கியும் மாட்டுவா. எங்க வீட்டுல குக்கரே கெடையாதே?”

எனக்குச் சுரீர்னு ஆயிட்டு. வாய்க்கு வந்ததச் சொன்னேன், அட்டை கெடச்சுதா இல்லையா, அதப் பாருன்னேன். எத்தன பேருக்கு எழுதியிருக்கேன், ஒருத்தர் கத இன்னொருத்தர் கதையோட கலந்து வராதா? நீங்களே சொல்லுங்க.

அம்மாடி, என்ன ஆரன் அடிக்கான் பாவி! வேணி, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. லாரிதான். காதுல இருந்து கைய எடு. எடுன்னா எடு. இந்தா, வாழப்பழம். சின்னதுல வந்த காய்ச்சல்ல இருந்து சத்தம்னா கொஞ்சம் ஆவாதுக்கா. வேற ஒண்ணுமில்ல. ஒம்பதாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போயிருக்கா.

பாதியில விட்டுட்டேன் பாருங்க. ஆபரேசன் முடிஞ்சு பேச்சி பொழச்சு வந்துட்டா. அந்த மாதிரிப் பெறவிகளுக்கு ஆயுசு கெட்டி. போன மாசம் ஒரு நாளு, நெஞ்சுத் தையலு சரியாக் காயக்கூட இல்ல, ஒரு சீப்புப் பழத்தோட மேசைக்கு முன்னால வந்து நின்னா. மக பேருக்குப் பணம் வந்துட்டுதாம். சந்தோசம், போயிட்டு வான்னேன். போகல. செராக்ஸ் கடைக்காரன் நிக்கான், டீ வாங்க வந்த ஆபீசு பியூன் நிக்கான், மனுவுக்கு நாலு பேரு நிக்காவ. வேணி எம்பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து போட்டோவுக்குப் பசை தடவிக்கிட்டிருக்கா. தெனமும் கூட்டிட்டு வந்துருவேன், வீட்டுல தனியா இருந்தா அவளுக்குப் பொழுது போகாது. இத்தன பேருக்கு முன்னால பேச்சி சொல்லுதா:

“உங்க வேணிக்கும் ஒரு பாரம் எழுதிருங்க ரைட்டரம்மா. உங்களுக்கும் சுகரு ஏறிக்கிட்டே போகுது. பெத்த வாயால சொல்ல வராது, எனக்குத் தெரியும். எம்பிள்ளைக்கு நீங்க வந்து சொன்னிய. உங்க பிள்ளைக்கு நான் வந்து சொல்லுதேன். நீங்க வெளிய நில்லுங்க.”

எப்படி இருக்கும் எனக்கு? பழத்தத் தூக்கி ரோட்டுல எறிஞ்சேன். “நீ பெத்ததும் நான் பெத்ததும் ஒண்ணாட்டி? ஊரெல்லாம் கோட்டி, பைத்தியம்னு சொல்லுத பிள்ளைய வச்சுக்கிட்டு எம்மகளையா சொல்லுத?”ன்னு கேட்டேன். எங்கிட்ட சதவீதம் சொல்ல இவ யாரு? பத்தொம்பது வருசமா ரோட்டத் தாண்டுறதுக்குள்ள சொல்லுறவ நான். எனக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிஞ்சிருச்சோ? அவ வேணி கையில இருந்த பசைய முந்தானையால தொடச்சு விட்டுட்டு, நெஞ்சப் பொத்திக்கிட்டுப் போயிட்டா. நன்றி கெட்ட ஜென்மம். அன்னையில இருந்து எனக்கு எழுத்தே ஓடல. வாறவனுக்கு நம்பரு சொல்ல வாயெடுத்தா, நாக்குல நிக்க மாட்டேங்கு.

விடுங்க. நல்ல காரியத்துக்குப் போறப்ப அந்தப் பேச்செதுக்கு. ஆழ்வார்திருநகரி தாண்டிட்டோமா? வேணி, இங்க பாரு. மாமா கேட்டா என்ன சொல்லணும்? பேரு? கலைவேணி. அப்பா பேரு? ஆங். இன்னைக்கு என்ன கெழம? புதன்! பாத்தியளா, எப்படிப் பட்டுனு சொல்லுதான்னு. ஞாயித்துக்கெழமையில இருந்து சொல்லிக்குடுத்தேன். பெரியவுகளக் கண்டா என்ன செய்யணும்... ஏட்டி, இங்கன இல்லட்டி! அது கோயில்ல. எந்திரி, யக்கா கால விடு, சீலை அழுக்காகுது பாரு.

யக்கா, நீங்களும் கோயிலுக்குத்தான? ஒரு ஒத்தாச செய்வியளா? பக்கத்து வீடுன்னு சொல்லி எங்கூட சித்த நில்லுங்க. பிள்ளைக்கு என்ன தெரியும்னு கேப்பாவ. எல்லாம் செய்வான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க. போன தடவ நான் நல்லா சமைப்பான்னு சொல்ல, இவ அத்தன பேருக்கு முன்னால, “எனக்குத் தெரியாதேம்மா”ங்கா. நான் சொன்னா இவளுக்கு...

என்னட்டி? வாய்க்குள்ள பேசாத, சத்தமாச் சொல்லு.

பேச்சி அத்த வருவாவளான்னா கேக்க? எங்க வருவாவ? கேள்வி கேக்குற தாத்தாகிட்டயா? வந்து என்ன செய்வாவ? நீ... என்னது?

நான் வெளிய நிக்கணுமா?

இதச் சொல்லிக்குடுத்தது யாருட்டி? பேச்சி வந்தாளா? செராக்ஸ் கடைக்காரனா? யாரு சொல்லிக்குடுத்தா, சொல்லு.

நான் சொல்லிக்குடுக்கலக்கா. யாருமே சொல்லிக்குடுக்கல. அன்னைக்கு அவ பாட்டுக்குப் பசை தடவிக்கிட்டுல்லா இருந்தா. ஒரு மாசம் ஆச்சே. ஒரு மாசமா வச்சிருந்திருக்காளே. இப்ப நான் உங்ககிட்ட பேசுனது பூராவும்...

டிக்கெட்ட மென்னு முழுங்கிட்டா பாருங்க. வாயத் தொற. தொற தாயி. சரி, அழல, அம்மா அழல.

மணி என்ன உங்க போன்ல? ஒம்பதரையா. போர்டு ஒரு மணி வரைக்கும் உக்காரும். சும்மாதான் சொன்னேன். பாரமா? நாலு பாரம் எப்பவும் என் பையில கெடக்கும், இவ போட்டோவும் கெடக்கு. அந்த மூதி வீடும் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலதான். இது என்ன ஊரு, குரும்பூரா? யக்கா, கொஞ்சம் கால மடக்குங்க, நாங்க எறங்கிக்கிடுதோம். திரும்பிப் போற பஸ்ஸு இங்கன நிக்கும்லா?